அம்போசெலியில் நான் மறைத்த செய்தி

என் அன்பிற்குரிய மகனுக்கு,

நலம், நலமறிய அவா என்று தொடங்குவதே நான் கற்ற முறை. இன்று அந்த வரியை எழுதக் கை எழவில்லை. இக்கடிதத்தின் முதற் பிரதி உன்னிடம் வரும். இரண்டாவது பிரதியை, இந்த மொன்ட்ரியால் நகரத்துத் தமிழர் வீடுகளுக்குச் செல்லும் மாதச் சஞ்சிகைக்கு, பெயர்கள் எவற்றையும் குறிப்பிடாது, கொடுக்கவிருக்கிறேன். தாய் மகனுக்கு எழுதுவதை ஊரார் எதற்காக வாசிக்கவேண்டும் என்று நீ கோபிப்பாய். ஒரு மனிதர் இரண்டு ஆண்டுகளாக ஊரறியப் பழி சுமந்து நிற்கிறார். அந்தப் பழி என்னுடையது. ஊரறிய விழுந்ததை வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு துடைப்பது நேர்மையன்று.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீயும் என் மருமகளாக வரவிருக்கும் மாலினியும் உங்கள் திருமண அழைப்பிதழ்ப் பட்டியலுடன் என் மொன்ட்ரியால்-நோர் வீட்டிற்கு வந்திருந்தீர்கள். நான் கண்ணாடியை அணிந்துகொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தேன். லவாலில் இருக்கும் உன் சித்தப்பாவின் பெயர் அதில் இல்லை.

"சித்தப்பாவின்ரை பேர் விடுபட்டுப்போச்சுத் தம்பி," என்றேன்.

"விடுபடேல்லை அம்மா. நான்தான் எடுத்தனான்."

"அப்ப மணவறையிலை அப்பாவின்ரை இடத்திலை ஆர் நிக்கிறது?"

"ரொறன்ரோ மாமா நிப்பார். அப்பா ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை எங்களுக்கு ஒரு ரெலிபோன் எடுக்காத மனுசன் அப்பாவின்ரை இடத்திலை நிக்கிறதோ? அதுக்கு அந்த இடம் வெறுமையாக் கிடக்கலாம்."

மாலினி என் பக்கம் திரும்பி, "மாமி, நானும் சொல்லிப் பாத்திட்டன். மற்ற எல்லாத்துக்கும் தலையாட்டுவார். இந்தக் கதையிலை மட்டும் கல்லு," என்றாள். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் சென்று, கழுவியவற்றையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன். தந்தையில்லாத மாப்பிள்ளைக்குத் தந்தையின் தம்பியும் அவர் மனைவியும் பெற்றோர் இடத்தில் நின்று நடத்திவைப்பது நம் வழக்கம். கைம்பெண்ணாகிய நான் அந்த வரிசையில் முன்னே வரமாட்டேன் என்பதும் வழக்கம். அந்த வழக்கத்தின் பின்னே ஒளிந்துகொண்டு உன் திருமணத்தையும் கடந்துவிடலாம் என்று அந்த நேரத்தில் ஓர் எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தைக் கண்டு நானே அஞ்சினேன். அதனால் எழுதுகிறேன்.

மகனே, சித்தப்பா தொலைபேசி எடுத்தார். இரண்டு முறை எடுத்தார். இரண்டு முறையும் அதை வாங்கிப் பேசியவள் நான்.

இந்த வரியுடன் நீ கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நடப்பாய் என்று அறிவேன். உன் தந்தையாருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. நடந்து முடித்துவிட்டுத் திரும்பி வந்து மீதியை வாசி. என்னை மன்னிக்கவேண்டும் என்பதற்காக நான் காரணங்களைச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்பதை நடந்தபடியே அறியும் உரிமை உனக்கு உண்டு. அதை இரண்டு ஆண்டுகள் உன்னிடமிருந்து பறித்து வைத்திருந்தேன்.

எட்டாம் வகுப்புடன் என் பள்ளிப்படிப்பு நின்றது என்பது நீ அறிந்ததே. அதன் பின் கற்றவை எல்லாம் நானே தேடிக் கற்றவை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் படித்தேன். இந்நாட்டிற்கு வந்தபின், பகலில் தையல் தொழிற்சாலையிலும் மாலையில் பிரெஞ்சு வகுப்பிலும் இருந்தேன். சனிக்கிழமைகளில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நகர நூலகத்திற்குப் போவேன். நீ படம் பார்ப்பதற்காக எடுத்த ஆபிரிக்க விலங்குகளின் புத்தகங்களை, நீ உறங்கிய பின் நான் வரிவரியாக வாசித்தேன். உனக்குத் தமிழ் மறந்துவிடக்கூடாது என்று, அவற்றிலிருந்து ஒரு கொப்பி நிறையத் தமிழில் எழுதினேன். "அம்மா, இதெல்லாம் உண்மையா நிக்குதோ?" என்று நீ கேட்டாய். "கென்யா என்னும் தேசத்திலே, கிளிமஞ்சாரோ மலையின் அடியிலே, அம்போசெலி என்னும் தேசியப் பூங்காவிலே நிற்கின்றன," என்று மேடைப்பேச்சுப் போலச் சொன்னேன். நீ படித்து முடித்து வேலையில் சேர்ந்த மறு ஆண்டு, மூன்று விமானச்சீட்டுகளுக்குப் பதிந்துவிட்டு வந்து நின்றாய்.

தந்தையார் வரவில்லை. டோர்வலில் விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் சமையற்கூடத்தில் ஓகஸ்ட் மாதத்தில் விடுப்புக் கொடுக்கமாட்டார்கள். உண்மையில் அவர் அதைப் பெரிதாகக் கேட்டதும் இல்லை. "நான் ஏத்தி அனுப்பின சோத்துப் பெட்டியை ஆகாயத்திலை வைச்சு நானே திண்டு பாக்கவோ? நீர் போம். உம்மடை கொப்பியிலை எழுதின மிருகம் எல்லாம் எழுதினபடி நிக்குதோ எண்டு பாத்துக்கொண்டு வாரும்," என்று என்னைச் சீண்டினார். நீ அவருடைய சீட்டை இரத்துச் செய்தாய். மிராபெல் விமான நிலையத்தில் அவர் கையசைத்துவிட்டு, என் கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டு இருக்கிறதா என்று மூன்றாம் முறையாகப் பார்த்தார். அதுவே நான் அவரை இறுதியாகக் கண்டது.

அந்தப் பூங்காவைப் பற்றி நீ எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய். நான் கண்டதை நான் சொன்னதில்லை. நாங்கள் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தோம். கூரையைத் தூக்கி நிறுத்தக்கூடிய வாகனத்தில், வெண்மையான உப்புப் படிந்த நிலத்தினூடே, முன்னே கானல் நீர் ஓட ஓடச் சென்றோம். நீர் என்று நம்பி நான் எட்டிப் பார்த்த இடமெல்லாம் புழுதியாக இருந்தது. புழுதி என்று நினைத்து விட்ட இடத்தில் பச்சைச் சதுப்பு விரிந்து, அதனுள் வயிறளவு தாழ்ந்து யானைகள் புல் பிடுங்கிக்கொண்டு நின்றன. அவற்றின் முதுகில் வெண்கொக்குகள். சாரதி டானியேல் என்னை "மாமா, மாமா" என்று அழைத்தபோது நீ சிரித்து விழுந்தாய். அந்நாட்டில் தாய்க்கு அதுவே மரியாதையான சொல் என்று அவர் விளக்கினார். "அப்ப அப்பாவை என்னெண்டு கூப்பிடுவினம், மாமியோ?" என்று நீ கேட்டாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் வாழ்வில் அவ்வளவு இலேசாக நான் இருந்ததில்லை.

அன்று மாலை உணவு மேசையில் வயதான ஒல்லாந்துத் தம்பதியர் எங்களுடன் அமர்ந்தனர். யானை இருபத்திரண்டு மாதம் கருச்சுமக்கும் என்பதையும், கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானையே என்பதையும் நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்த அம்மையார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் ஆசிரியையா என்று வினவினார். ஆம் என்றேன். நீ என்னைப் பார்த்துப் புன்னகைத்தாய், மறுக்கவில்லை. அந்தப் புன்னகைக்கு இன்றும் நன்றி உடையவள் நான். ஆயினும் அந்த ஒரு சொல் எனக்குள் என்ன செய்தது என்பதை நீ அறியவேண்டும். மொன்ட்ரியாலில் நான் தொழிற்சாலையின் நான்காம் வரிசைப் பொத்தான்காரி. அங்கே, அந்த மேசையில், நான் கற்றவள். காலையில் நான் நடந்துவரும்போது அந்த அம்மையார் எழுந்து வணக்கம் சொன்னார்.

புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணியளவில், நீ காலைச் சுற்றுலாவின் களைப்பில் அறையில் உறங்கிக்கொண்டிருந்தாய். நான் விடுதியின் முன்கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி என்று அலுவலர் வந்து அழைத்தார். நம் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் நீ ஒட்டிவிட்டு வந்த விடுதி எண்ணைப் பார்த்து எடுத்தவர் சித்தப்பா.

"அண்ணி, பயப்பிடாதேங்கோ. அண்ணை வேலைக்கு வெளிக்கிடேக்கை படியிலை விழுந்திட்டார். நெஞ்சுக்குத்து. ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கினம். இப்ப அறிவாத்தான் இருக்கிறார், கதைக்கிறார். ரெண்டு மூண்டு நாள் போனால்தான் சொல்லலாமாம். நீங்கள் வெளிக்கிடுங்கோ."

"அவ்வளவு கடுமையோ?"

"எனக்கென்ன தெரியும் அண்ணி? டொக்டர் பிரெஞ்சிலை சொல்லுறார். நான் பாதி விளங்கிப் பாதி விளங்காமல் தலையாட்டிக்கொண்டு நிக்கிறன். நீங்கள் நிண்டா வடிவாக் கேப்பியள். வந்திடுங்கோ."

"நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வாறம்தானே. பெடியனுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. எவ்வளவு ஆசைப்பட்டு வந்தவன்."

"அண்ணி, இது பிழை."

"அப்ப அண்ணியின்ரை சொல்லுக்கு மதிப்பில்லையோ?"

அவர், "சரி அண்ணி," என்றார். என்னைவிட எட்டு வயது இளையவர். நான் மணமகளாக அந்த வீட்டிற்குள் வந்த நாள் முதல் என் சொல்லை மீறாதவர். அந்த மரியாதையை எடுத்து அவர் வாயைக் கட்டினேன்.

பயணத்திலும் பரீட்சையிலும் இருப்பவருக்குத் துயரச் செய்தியைச் சொல்லக்கூடாது என்பது நம் குடும்பங்களில் எழுதாத சட்டம். நான் பத்தொன்பது வயதில், வெளிவாரியாகப் பரீட்சை எழுதுவதற்கு யாழ்ப்பாணப் பட்டினத்தில் என் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தபோது, என் தந்தையார் இறந்துபோனார். சின்னம்மா அன்று காலையே அறிந்திருந்தார். எனக்குத் தலைவாரிப் பின்னி, புட்டும் பாலும் தந்து, இரண்டு பாடங்களுக்கு என்னை அனுப்பிவைத்தார். மூன்றாம் நாள் வீட்டிற்குப் போனபோது சாம்பலும் அள்ளியாகிவிட்டது. நான் பரீட்சையில் சித்தியடைந்தேன். இதை உனக்கு எத்தனை முறை பெருமையுடன் சொல்லியிருக்கிறேன்! "அப்பர் செத்ததையும் மறைச்சுப் படிப்பிச்சவை" என்று. சொல்லாத பாதி ஒன்று உண்டு. சின்னம்மா இறக்கும்வரை அவர் கையால் தந்த எதையும் என்னால் மனமார உண்ண முடிந்ததில்லை. அப்படிப்பட்டவள், அதே காரியத்தை என் பிள்ளைக்குச் செய்தேன். செய்யும்போது அதற்கு அன்பு என்றே பெயர் வைத்தேன்.

ஆனால் அன்பு என்று மட்டும் எழுதினால் இக்கடிதமும் ஒரு மறைப்பாகிவிடும். தொலைபேசியை வைத்துவிட்டு அந்த முன்கூடத்தில் அரைமணி நேரம் இருந்தேன். டானியேல் வாசலில் வாகனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னால் அந்தக் கணமே புறப்பட்டிருப்பார். இரவு விமானத்திற்கு நைரோபி போய்ச் சேர்ந்திருக்கலாம். வியாழக்கிழமை மாலை மொன்ட்ரியாலில் இருந்திருப்போம். உன் தந்தையாருடன் வெள்ளிக்கிழமை முழுவதும் இருந்திருப்போம். இந்தக் கணக்கை நான் அப்பொழுதே போட்டேன். போட்டுவிட்டு, மூன்று நாட்கள் என்று நினைத்தேன். எனக்கு மூன்று நாட்கள். அவர் கதைக்கிறாராம், அறிவுடன் இருக்கிறாராம், நாங்கள் போகும்வரை இருப்பார். திரும்பிப் போனால் ஆஸ்பத்திரியும் தொழிற்சாலையும் என்றைக்கும் இருக்கும். இந்த மலையும் யானைகளும், என்னை ஆசிரியை என்று நினைக்கும் இந்த மேசையும் இனி ஒருபோதும் வரா. மகனே, உன் சுற்றுலா கெட்டுவிடும் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். என் சுற்றுலாவையும் நான் காப்பாற்றினேன்.

அன்று மாலை மேகம் விலகி மலை முழுவதும் தெரிந்தது. நீ என்னை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாய். அதைப் பெரிதாக்கி உன் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாய். அம்மாவின் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான முகம் இதுதான் என்று மாலினிக்குக் காட்டினாய். அந்த முகத்திற்கு அப்பொழுது செய்தி தெரியும். அவ்வாறு சிரிக்கவும் என்னால் முடிந்தது என்பதே என்னைப் பற்றி நான் அறிந்தவற்றுள் மிகக் கடுமையானது.

வெள்ளிக்கிழமை காலையை நீ நினைவில் வைத்திருப்பாய். சதுப்பிற்குப் போகும் வழியில், இறந்த யானையொன்றின் தாடை எலும்பு கிடந்தது. வந்துகொண்டிருந்த கூட்டம் அதனருகில் நின்றுவிட்டது. முன்னே வந்த மூத்த யானை துதிக்கை நுனியால் பல்லின் மேல் மெல்லத் தடவி, பின்னங்காலால் எலும்பைப் புரட்டிவிட்டு, அசையாமல் நின்றது. அவை இதைக் கடந்துபோக மாட்டா, நின்றுதான் போகும் என்று டானியேல் தாழ்ந்த குரலில் சொன்னார். நான் அழுதேன். நீ என் தோளை அணைத்து, "என்னம்மா, யானையின்ரை செத்தவீட்டுக்கும் அழுவியளோ?" என்று கேட்டாய். தூசி என்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஏற்கெனவே இரண்டு நாள் மறைத்ததை எப்படிச் சொல்வது என்ற வெட்கம் அதைத் திருப்பி விழுங்கச் செய்தது. ஒரு பிழையை மறைக்கச் செய்த பிழை முதலாவதைவிடப் பெரிதாக வளர்ந்துவிடுகிறது. மாலினியுடன் வாழும்போது இதை நினைவில் வை. அவள் நன்மைக்காக என்று எதையேனும் அவளிடம் மறைக்கும்போது, அதில் உன் நன்மை எவ்வளவு என்று உன்னை நீயே கேள். முதல் நாளே சொல்லிவிடு. இரண்டாம் நாள் அது வேறொரு பொருளாகிவிடும்.

சனிக்கிழமை நாங்கள் நைரோபிக்குப் போகும் வழியில் இருந்தபோது உன் தந்தையார் காலமானார். ஞாயிற்றுக்கிழமை மிராபெலில் சித்தப்பா மட்டும் நின்றார். அவர் கண்களைக் கண்டவுடன் எனக்குப் புரிந்தது. உனக்குப் புரியவில்லை. நீ, "அப்பா எங்கை, வேலையோ?" என்று கேட்டாய். அவர் சொன்னார். அதன்பின் நீ கத்தியது அந்த மண்டபம் முழுவதும் கேட்டது.

"புதன்கிழமை விழுந்தவரெண்டா ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை? பிரிட்ஜிலை நம்பர் ஒட்டினது அழகுக்கோ? நாலு நாள்! நாலு நாளா என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

சித்தப்பா என்னை ஒரேயொரு முறை பார்த்தார். நான் பெட்டியின் சக்கரத்தைப் பார்த்தேன். அவர், "என்னிலைதான் பிழை தம்பி," என்றார். நான் வாய் திறக்கவில்லை.

பிறகு நடந்தவை உனக்குத் தெரியும். இறுதிக் கிரியைகளில் அவர் கடைசி வரிசையில் நின்றார். அண்ணன் சாகக் கிடந்ததை மறைத்தவர் என்ற கதை கோயில் வாசலிலும் பலசரக்குக் கடையிலும் நடந்தது. அவர் மனைவியைப் பெண்கள் ஒதுக்கினார்கள். நான் அந்த உரையாடல்களில் உட்கார்ந்திருந்தேன், மகனே. தலையசைக்கவில்லை என்பதைத் தவிர என் தரப்பில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. முதல் மாரிகாலத்தில், பனி கொட்டிய ஒரு காலையில், வாசலில் பனி அள்ளும் சவளின் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். சித்தப்பா படியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். உள்ளே அழைத்தேன், வரவில்லை. "ஏன் நீங்கள் இன்னும் அவனுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "சொன்னா அவனுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை எண்டு போயிடும் அண்ணி. சித்தப்பா இல்லாமல் ஒரு பெடியன் வாழலாம்," என்றார். கால் வழுக்காதிருக்கப் படியில் உப்பைத் தூவிவிட்டுப் போனார். அவ்வாறு சொன்ன மனிதரையும் மேலும் ஓராண்டுக்கு மேல் அப்படியே விட்டுவைத்தேன்.

இனி மீதியாக இருப்பது வியாழக்கிழமை. இதை எழுதுவதற்கு முன் மூன்று நாட்கள் பேனையை மூடிவைத்திருந்தேன்.

வியாழன் மாலை நான்கு மணிக்கு, முதல் நாள் பேசி முடிக்கும்போது நான் கேட்டுக்கொண்டபடி, சித்தப்பா மறுபடியும் எடுத்தார். மொன்ட்ரியாலில் அப்போது காலை ஒன்பது. நாங்கள் மாலைச் சுற்றுலாவிற்குப் புறப்படும் நேரம். நீ முன்கூடத்தை ஒட்டிய திறந்த விறாந்தையில், தூரநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, எனக்குப் பத்தடி தள்ளி நின்றாய். அண்ணை கதைக்கவேண்டுமாம், தானே அவர் காதோடு பிடித்துக்கொள்கிறாராம் என்று சொல்லிச் சித்தப்பா அவரிடம் கொடுத்தார்.

இந்த இடத்தில் எழுதுவதற்கு ஒரு பொய்யை நான் நெடுநாளாகத் தயாரித்து வைத்திருந்தேன். பெடியனுக்குச் சொல்லவேண்டாம், அவன் பார்க்கட்டும் என்று தந்தையாரே சொன்னார் என்பது அந்தப் பொய். உன் தந்தையாரின் இயல்புக்கு அது பொருந்தும், நீயும் நம்பியிருப்பாய், எல்லோரும் ஆறுதல் அடைந்திருப்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"எப்ப வாறியள்?" என்று கேட்டார். குரல் மெலிந்திருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை," என்றேன்.

"ஞாயிறோ?" என்றார். "தம்பி பக்கத்திலை நிக்கிறானோ? ஒருக்காக் குடுமன்."

"அவன் வெளியிலை போட்டான்," என்றேன்.

அப்பொழுது நீ விறாந்தையிலிருந்து திரும்பாமலே, "அம்மா, கெதியா ஓடி வாங்கோ! குட்டி ஒண்டு சேத்துக்கை விழுந்து உருளுது! தாய் துதிக்கையாலை தூக்கத் தூக்க வழுக்குது!" என்று கத்திச் சிரித்தாய். சிறுவனாக இருந்த காலத்துச் சிரிப்பு அது. நான் தொலைபேசியின் பேசும் பக்கத்தைக் கையால் மூடினேன். மூடுவதற்குள் உன் சிரிப்பு அதற்குள் போய்விட்டது.

இணைப்புத் துண்டிக்கப்பட்டது என்றே நினைத்தேன். பிறகு உன் தந்தையார், "ஓம், கேட்டிது," என்றார். "நீர் போய்ப் பாரும்," என்றார். அவ்வளவுதான். நான் பொய் சொன்னதை அறிந்துகொண்டே சொன்னார். திட்டவில்லை. மறுபடியும் கேட்கவும் இல்லை. மறுநாள் முழுவதும் சித்தப்பாவுக்கு அந்த விடுதியின் இணைப்புக் கிடைக்கவில்லையாம்.

அவர் எந்த மனத்துடன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. உன்னை ஒருமுறை கேட்டதே போதும் என்றா, இனி உன்னைக் காணமாட்டேன் என்று உணர்ந்தா, என்மீது கசந்தா? இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு விதமாகவும் அந்த மூன்று சொற்களை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். குரல் மட்டுமே என்னிடம் இருக்கிறது. தொலைபேசியை அவருடைய காதோடு பிடித்துக்கொண்டு, முகத்துக்கு முகம் குனிந்து நின்றவர் உன் சித்தப்பா. உன் சிரிப்பு போய்ச் சேர்ந்தபோது உன் தந்தையாரின் முகம் எப்படி இருந்தது என்பதைக் கண்டவர் இவ்வுலகில் அவர் ஒருவரே. நான் அதை அவரிடம் கேட்கத் துணியவில்லை. கேட்கும் தகுதியும் எனக்கில்லை.

அவர் சனிக்கிழமைகளில் வேலைக்குப் போவதில்லை. லவாலில் அதே வீட்டில்தான் இருக்கிறார். அழைப்பிதழை எடுத்துக்கொண்டு நீயே போ. மணவறையில் நிற்கச் சம்மதமா என்று கேட்பதற்கு முன், உன் தந்தையாரைப் பற்றிக் கேள். அவர் சொல்வார் என்று நினைக்கிறேன். அங்கிருந்து நீ திரும்பும் வழியில் என் வீட்டைக் கடந்துதான் வரவேண்டும். நிறுத்தவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் உனக்குச் சொன்னதை எனக்குச் சொல்லவேண்டிய கடமையும் உனக்கில்லை.

இப்படிக்கு,
உன் தாய்